மறைத்து எடுத்துச் செல்ல எந்தக் காலிபர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிரீன் கார்டில் டெக்சாஸில் இருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கார் வரை நடக்க வேண்டும். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்க முடிவு செய்துவிட்டேன். துப்பாக்கிக் கடையில் இருப்பவர் .45 வாங்கு, ஒரே குண்டில் ஆள் விழுந்துவிடுவான் என்கிறார். நண்பரோ 9 மி.மீ. போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். காலிபர் என்றால் ஏறத்தாழ குண்டின் விட்டம்; 9 மி.மீ. மில்லிமீட்டர் கணக்கு, .45 அங்குலக் கணக்கு. குண்டு பட்டதும் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவது சினிமாவில் மட்டும்தான் நடக்கும். எதிரில் இருப்பவனைக் குண்டு எவ்வளவு தள்ளுமோ ஏறத்தாழ அதே அளவுதான் துப்பாக்கி உங்கள் கையையும் உதைக்கும்; அந்த உதையில் நீங்கள் விழவில்லை என்றால் அவனும் விழமாட்டான். மூளையிலோ தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ பட்டால்தான் உடனே செயலிழப்பான். மற்றபடி ரத்தம் போய் மயங்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும். இதயத்திலேயே பட்டால்கூட பத்துப் பதினைந்து விநாடி ஒருவனால் சண்டை போட முடியும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1989-லேயே எழுதி வைத்திருக்கிறது. 9 மி.மீ. குண்டுக்கும் .45 குண்டுக்கும் விட்டத்தில் இரண்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆகவே குண்டு எங்கே படுகிறது, முதல் குண்டு தவறினால் இரண்டாவதை எவ்வளவு சீக்கிரம் சரியான இடத்தில் வைக்க முடிகிறது என்பதுதான் உங்கள் உயிரைக் காக்கும்.

இந்த விவாதம் இவ்வளவு காலம் ஓடுவதற்கு ஒரு பழைய சம்பவம் காரணம், அதைத் தெரிந்துகொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் குழம்பமாட்டீர்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்பிஐக்காரர்கள் மடக்கினார்கள். ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போனது, ஆனால் இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். குண்டு போதவில்லை என்ற முடிவுக்கு எஃப்பிஐ வந்து 10 மி.மீ.க்குப் போனது. அதன் உதைப்பு பலருக்கு ஒத்துவரவில்லை என்று தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்தைக் குறைத்தபின் அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸன், வின்செஸ்டர் கம்பெனிகள் சேர்ந்து அதைக் குட்டையாக்கி 1990-ல் .40 தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்கப் போலீஸ் அதற்கு மாறியது, 1997-ல் எஃப்பிஐயும் மாறியது. இதற்கிடையில் 9 மி.மீ. குண்டுகளின் வடிவமைப்பு நன்றாக முன்னேறிவிட்டது. 2014 வாக்கில் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு மறுபடி உட்கார்ந்து பார்த்தபோது, நல்ல குண்டாக இருந்தால் 9 மி.மீ., .40, .45 மூன்றுக்கும் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் பெரும்பாலோர் 9 மி.மீ.யில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்று தெரிந்தது. எஃப்பிஐ மறுபடி 9 மி.மீ.க்கே வந்துவிட்டது. அவர்கள் சுற்றி வந்த பாதையை நீங்களும் சுற்றி வர வேண்டியதில்லை.

இன்னொன்று, மறைத்து வைக்கிற துப்பாக்கி சின்னதாக இருக்கும், சின்னதானால் உதைப்பு கூடும். ‘1911’ என்ற முழு அளவுக் கைத்துப்பாக்கியில் .45 சுடுவது சுகம்தான், அதே தோட்டாவை உள்ளங்கை அளவு துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள், நாலாவது தோட்டாவிலேயே கண்ணை மூட ஆரம்பிப்பீர்கள். 2018-ல் வந்த சிக் பி365 போன்ற குட்டித் துப்பாக்கியில் 9 மி.மீ. தோட்டா பத்து கொள்ளும், அந்த அளவில் .45 என்றால் ஆறோ ஏழோதான். 9 மி.மீ. தோட்டா விலையும் குறைவு, அதனால் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்கு, அடிக்கடி போவீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

அப்புறம், டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள், சட்டப்படி தடை எதுவும் இல்லையென்றால், உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்பது தெரிந்திருக்கும். இருந்தாலும் உரிமம் வாங்கிவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போகக்கூடாது என்ற மத்திய சட்டத்தில், அந்த மாநில உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளி வருகிறது என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, விரல் மூட்டுகளில் வாதம். பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியவில்லை. ரிவால்வர்தான் சுலபம் என்று சொல்லிக் கணவர் லேசான .38 ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, சுட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் குட்டி ரிவால்வர் என்று பலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், ஆனால் அதைச் சுடுவதுதான் ரொம்பக் கஷ்டம். அரைக் கிலோகூட இல்லாத துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் கையை நன்றாகவே அடிக்கும். ட்ரிகரை ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோவுக்கு மேல் பலம் கொடுத்து இழுக்க வேண்டும், வாதம் உள்ள விரலுக்கு அது தண்டனை. இருப்பதும் ஐந்தே தோட்டா.

முதலில் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பிடிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, முனை இலக்குப் பக்கமே இருக்க, இடது கையால் ஸ்லைடை மேலிருந்து முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதற்குப் பலம் அதிகம் இருக்கும். முடியவில்லை என்று வந்த பலர் இதில் தேறிவிடுகிறார்கள். அப்போதும் முடியாவிட்டால் 9 மி.மீ.யைவிடப் பலம் குறைந்த .380 பிஸ்டலுக்குப் போங்கள், ஆனால் சட்டைப்பையில் போடும் அளவு .380 வேண்டாம், அதுவும் கையைக் கடிக்கும். ஸ்லைடு லேசாக வரும்படியே செய்த, கொஞ்சம் பெரிய .380 துப்பாக்கிகள் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி அப்படிப்பட்டது. .380-க்கு 9 மி.மீ. அளவு ஆழமும் விரிவும் சேர்ந்து கிடைக்காது, அது உண்மைதான். ஆனால் நீங்கள் பயப்படாமல் சுடக்கூடிய .380, பயந்து டிராயரில் போட்டு வைக்கிற .38-ஐவிட எவ்வளவோ மேல். எல்லாவற்றிலும் சின்னதான .22-ஐக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தோட்டா வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம்.

கேள்வி: ரேஞ்சில் சுடும் சாதாரணத் தோட்டாவையே பாதுகாப்புக்கும் வைக்கலாமா? ஹாலோ பாயிண்ட் விலை அதிகமாக இருக்கிறதே.

பதில்: பயிற்சிக்குச் சாதாரணத் தோட்டா, எடுத்துச் செல்ல முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட். செம்பு உறை போட்ட சாதாரணக் குண்டு உடலைத் துளைத்துப் பின்னால் நிற்கும் யார்மேலோ போய்ப் பட வாய்ப்பு அதிகம், ஹாலோ பாயிண்ட் உள்ளே விரிந்து வேகம் குறையும். உடல் சதைக்குப் பதிலாகச் சோதனையில் சுடும் ஜெலாட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது எஃப்பிஐ அளவுகோல். அந்த அளவுகோலில் தேறிய, குண்டின் எடை 124 அல்லது 147 கிரெய்ன் உள்ள 9 மி.மீ. தோட்டா எதுவானாலும் சரி. ஸ்பியர் கோல்டு டாட், ஃபெடரல் எச்எஸ்டி இரண்டும் போலீஸ் துறைகள் பல வருஷமாக வைத்திருப்பவை. வாங்கியதும் இரண்டு மூன்று பெட்டி உங்கள் துப்பாக்கியில் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். தினமும் இறக்கி ஏற்றுகிறவராக இருந்தால் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பரில் (சுடும் அறையில்) ஏற்றாதீர்கள், குண்டு தோட்டா உறைக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்டுக்கென்றே தனிக் கட்டுப்பாடு உண்டு, அங்கே இருப்பவர்கள் வாங்குமுன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி என்னோடு தங்கியிருக்கிறான். அவனையும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் என் 9 மி.மீ.யில் பழக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். ரேஞ்சில் பத்து நிமிஷம் கையில் வாங்கிச் சுடுவதும் அதில் வரும். தெரிந்தே கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள், அவனுக்கு விசாவே போய்விடலாம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, பலர் அதை வாங்கிக்கொண்டுதான் ரேஞ்சுக்கு வருகிறார்கள். ஆனால் உரிமம் கைக்கு வருவதற்கு முன் அவன் ஒரு தோட்டாவைக்கூடத் தொடக்கூடாது. குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், அந்தக் காசு வீண் இல்லை. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவியோ எண்ணோ தம்பிக்குத் தெரியவே கூடாது. அவனால் எடுக்க முடிகிற இடத்தில் இருந்தால், அவன் கைவசம் இருந்ததாகவே வழக்குப் போட முடியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டு இன்னும் கட்டாயம்.

கேள்வி: புதிதாக .30 சூப்பர் கேரி என்று வந்திருக்கிறதே, எப்படி?

பதில்: 2022-ல் ஃபெடரல் கொண்டுவந்தது. தோட்டா ஒல்லி என்பதால் அதே அளவு மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) ஒன்றிரண்டு கூடுதலாகக் கொள்ளும், பலம் 9 மி.மீ.க்குப் பக்கத்தில் வருகிறது. காகிதத்தில் நல்ல யோசனைதான். ஆனால் அதற்கான துப்பாக்கிகள் மிகக் குறைவு, தோட்டாவும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள்.