பெரியப்பா பணமும் தர்றார், கூடவே 40 பேர் லிஸ்ட்டும் தர்றார்

கேள்வி: சார், 4 மாசத்துல எனக்கு கல்யாணம். 200 பேருக்குன்னு பட்ஜெட் போட்டோம். அதுல கால்வாசி நான் தர்றேன்னு பெரியப்பா சொன்னாரு, சந்தோஷமா சரின்னுட்டோம். இப்ப அவரோட ஆபீஸ் ஆளுங்க இன்னும் 40 பேர கூப்பிடணும்ங்கறார். முடியாதுன்னு சொல்ல வாய் வரல. பர்சனல் லோன் போட்டுட்டு, கிஃப்ட்டா வர்ற பணத்துல அடைச்சிரலாமா?

பதில்: லோன் வேண்டாங்க, அத மொதல்ல சொல்லிடறேன். கிஃப்ட் எவ்ளோ வரும்னு யாருக்கும் தெரியாது, பாதி பேர் பொருளா குடுப்பாங்க, ஆனா ஈஎம்ஐ மட்டும் தேதி தவறாம வந்து நிக்கும். 12% வட்டிக்கு 3 வருஷ லோன்னா 100 வாங்கினா கிட்டத்தட்ட 120 கட்டணும், ப்ராசஸிங் ஃபீஸ் தனி.

இப்ப கணக்குக்கு வருவோம். மொத்த செலவு 100னு வச்சுக்கோங்க. சாப்பாடு, சேர், பத்திரிகைன்னு ஆள் எண்ணிக்கைய பொறுத்து ஏறுறது அதுல ஒரு 60 இருக்கும்னு வைங்க, மண்டபம், போட்டோ எல்லாம் எத்தன பேர் வந்தாலும் அதேதான். 200 பேர் 240 ஆனா அந்த 60 வந்து 72 ஆயிடும். அதாவது பெரியப்பா தர்ற 25-ல 12 அவர் ஆளுங்களுக்கே திரும்பிப் போகுது! உங்க மண்டபம் 220 பேருக்குத்தான்னா இன்னும் மோசம், பெரிய மண்டபம் பாக்கணும், அங்க செலவு ஒரே தாவா தாவும்.

இத அவர்கிட்ட குறையா சொல்லாதீங்க. "பெரியப்பா, 200க்குத்தான் எங்களால முடியுது, உங்களுக்கு கட்டாயம் வேணுங்கறவங்க யாருன்னு ஒரு 10 பேர் சொல்லுங்க, அவங்கள உள்ள கொண்டு வந்துடறோம்"னு நம்பரோட கேளுங்க. இல்ல 40 பேரும் வரணும்னா அந்த செலவ தனியா ஏத்துக்க முடியுமான்னு கேக்கறதுலயும் தப்பில்ல. நீங்களே பேசுங்க, பொண்ண பேச வைக்காதீங்க, நம்ம வீட்டு ஆளுக்கு நாமதான் சொல்லணும். வாட்ஸ்அப்லயும் வேண்டாம், நேர்ல போங்க. அவர் ஏற்கனவே நாலு பேர வாய்வார்த்தையா கூப்பிட்டிருந்தா அவங்கள வேண்டாம்னு சொல்ல முடியாது, அதனால இந்த வாரமே போயிடுங்க.

என் கல்யாணத்துல நான் கூச்சப்பட்டு வாய மூடிட்டு, கடைசில வராத ஆளுங்களோட சாப்பாட்டுக்கும் சேத்துதான் பணம் கட்டினேன். கேட்டரிங்காரர் கடைசியா ஒரு எண்ணிக்கை கேப்பார், அதுக்கப்புறம் ஆள் குறைஞ்சாலும் பெரும்பாலும் காசு குறையாது.

அப்புறம், அதே பேச்சுலயே அவர் தர்றது அன்பளிப்பா, கைமாத்தா, எந்த தேதில கைக்கு வரும்னும் கேட்டுடுங்க. மண்டபத்துக்கு பாக்கி கட்டுற நாளுக்கு முன்னாடியே வந்தாத்தான் உங்களுக்கு அது உதவி.