72-ஆவது எழுத்துக்கு அப்பால்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். நிரல் கோபோல் மொழியில் எழுதியது. போன மாதம் ஒரு வரியில் ஒரு பெயரை மாற்றினேன். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் குலை வெட்டுவோருக்கு ஓவர்டைம் பணம் சேரவேயில்லை. இந்தக் கிழட்டு மொழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வரியை எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம், வருகைப் படி, ஓவர்டைம் மூன்றையும் கூட்டும் வரி அது. நீங்கள் வைத்த புதிய பெயர் நீளமானது. அதனால் ஓவர்டைமைக் கூட்டும் கடைசித் துண்டு 73-ஆவது எழுத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. பழைய கோபோல் அமைப்பில் 72-ஐத் தாண்டியதைக் கம்பைலர் படிப்பதில்லை. மிச்சமிருப்பது பிழையற்ற வாக்கியமாக நின்றதால் அது வாய் திறக்கவுமில்லை.

1959-இல் இந்த மொழி உருவானபோது நிரலின் ஒரு வரி என்பது 80 எழுத்து கொள்ளும் ஒரு துளை அட்டை. முதல் 6 இடம் வரிசை எண்ணுக்கு, கடைசி 8 நிரலின் அடையாளத்துக்கு. அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் திரும்ப அடுக்க வேண்டும். அட்டை போய்விட்டது, எல்லை மட்டும் நிற்கிறது. உங்கள் எடிட்டரில் 72-இல் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

முற்றுப்புள்ளியிலும் கவனம் வேண்டும். 'இஃப்' நிபந்தனைக்கு நடுவே ஒன்று விழுந்தால் நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும். அடுத்த வரிகள் எல்லோருக்கும் ஓடும். 1985-ஆம் ஆண்டுத் தர விதிகளில் வந்த 'எண்ட்-இஃப்' கொண்டு மூடுங்கள்.

தூக்கிப் போடாதீர்கள். பல மொழிகளின் சாதாரணப் பின்ன எண் 10 சென் (0.10 ரிங்கிட்) என்ற தொகையைக்கூடத் துல்லியமாக வைத்திருக்காது, 0, 1 மட்டும் கொண்ட இரண்டடிமானத்தில் அது முடிவில்லாமல் நீளும். கோபோல் சென் கணக்கை நாம் எண்ணும் பத்தடிமானத்திலேயே எண்ணுகிறது. கூலிப் பணத்துக்கு வேண்டியது அதுதான். 'கிழட்டு' என்ற சொல் எனக்கு வலித்தது.

முதலில் விடுபட்ட பணத்தைப் பற்றி மேலாளரிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த சம்பளம்வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள். ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடிப்பதில்லை, சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா உண்டு. அந்தச் சந்தாவையும் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள்.