"ஜெயிக்கக்கூடியவர்" என்று பார்த்து அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது சரியா?

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் மனசுக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடுவதா, ஜெயிக்கிற குதிரைக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெயிப்பதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு அடிக்கடி தப்பியிருக்கிறது.

2004-ல் ஜனநாயகக் கட்சியினருக்கு அப்போதைய அதிபர் புஷ்ஷைத் தோற்கடித்தால் போதும். ஈராக் போரைக் கடுமையாக எதிர்த்த ஹோவர்டு டீனுக்குப் பெரிய கூட்டம் இருந்தும், அப்போது முதலில் ஓட்டுப் போட்ட அயோவா மாநிலத்தில் ஜான் கெர்ரியை ஜெயிக்க வைத்தார்கள். வியட்நாமில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவரின் தேசப்பற்றை யார் குறை சொல்ல முடியும்? சொன்னார்கள். அந்தப் போர்ச் சேவையையே குறிவைத்து விளம்பரங்கள் வந்தன. கெர்ரி தோற்றார்.

சரி, கணக்கு பலித்ததே இல்லையா? 2020-ல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அவ்வளவுதான் என்று பலரும் கைகழுவினார்கள். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்புறம் போட்டியாளர்களான பட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி ஆதரவு தர, மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு. நவம்பரில் டிரம்ப்பையும் வென்றார்.

நாடு முழுக்க எடுக்கும் கருத்துக்கணிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்; அதிபரை முடிவு செய்வது மொத்த வாக்கு அல்ல, மாநிலவாரி வெற்றிதான். 2016-ல் ஹிலாரி மொத்த வாக்குகளில் முந்தியும் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியாவை இழந்து தோற்றார். வேட்பாளர் அதுபோன்ற மாநிலங்களில் எடுபடுவாரா என்று பாருங்கள். "இவருக்கு ஓட்டுப் போட நான் தயார், ஊர்தான் ஏற்காது" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளையர் மிகுந்த அயோவாவே 2008-ல் கறுப்பினத்தவரான ஒபாமாவை ஜெயிக்க வைத்தது.