நாத்திகர் ஒருவர் கிறிஸ்தவ மரபுள்ள ஃபிரட்டர்னிட்டியில் சேரலாமா?

ஃபிரட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் சடங்கு, உறுதிமொழியோடு சேரும் சகோதரச் சங்கம்; பெரும்பாலும் ஒரே வீட்டில் தங்குவார்கள். அமெரிக்காவில் இளங்கலை முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. நான் சேர விரும்பும் ஃபிரட்டர்னிட்டியின் சின்னத்தில் சிலுவை இருக்கிறது. கூட்டங்களில் ஜெபமும் உண்டாம். சேர்ந்தால் அது போலித்தனமா?"

சேர்த்துக்கொள்வார்களா என்ற கவலை வேண்டாம், பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். உறுப்பினராக்கும் சடங்கன்று நீங்கள் என்ன வாக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

முதலில், அது எந்த வகை என்று பாருங்கள். பீட்டா அப்சிலான் கை என்றொரு ஃபிரட்டர்னிட்டி 1985-இல் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கிறிஸ்துவின் கீழ் சகோதரர்கள் என்பதே அதன் அடையாளம். விசுவாசம் உள்ளவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அந்த விதியைக் காட்டி ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அங்கீகாரம் தர மறுத்தபோது, 2007-இல் நீதிமன்றம் போனார்கள். கடைசியில் பல்கலைக்கழகம்தான் தன் விதியை மாற்றிக்கொண்டது. பெண்களுக்கு இதே போன்ற சிக்மா ஃபை லாம்ப்டா 1988-இல் அதே ஆஸ்டினில் பிறந்தது. இத்தகைய இடங்களுக்கு நாத்திகர் போகவே கூடாது என்பது என் திடமான கருத்து. அவர்கள் ஒன்றுசேர்வதே வழிபாட்டுக்காக. அதில் நாம் இடம்பிடித்து உட்காருவது முறையல்ல.

நீங்கள் கேட்பது இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும்: பொதுவான ஃபிரட்டர்னிட்டி, மரபு மட்டும் கிறிஸ்தவம். ஆல்ஃபா டாவ் ஒமேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல், வடக்கும் தெற்கும் மறுபடி சகோதரர்களாக வேண்டும் என்று வர்ஜீனியாவில் ஓட்டிஸ் கிளேஸ்புரூக் என்ற இளைஞர் தொடங்கியது அது. பிற்காலத்தில் அவர் பாதிரியாராகி, ஜெருசலேமில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாகவும் இருந்தார். சிக்மா கை (1855, ஒஹாயோ) அமைப்பின் பேட்ஜ் வெள்ளைச் சிலுவை. 'இந்தச் சின்னத்தால் வெல்வாய்' என்ற அதன் லத்தீன் வாசகம், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வானத்தில் சிலுவையைக் கண்ட கதையிலிருந்து வந்தது.

இந்த மரபுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல ஃபிரட்டர்னிட்டிகளில் 'வெள்ளையர், கிறிஸ்தவர் மட்டும்' என்ற விதி எழுத்திலேயே இருந்தது. ஞாயிறு தோறும் யார் தேவாலயம் போகிறார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. யூத மாணவனை வாசலிலேயே நிறுத்தத்தான் 'கிறிஸ்தவர்' என்ற அந்தச் சொல் பயன்பட்டது. யூதர்கள் தங்களுக்கென்று 1898-இல் ஜீட்டா பீட்டா டாவ் தொடங்கியதற்கும், அதற்கு முன்பே 1895-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மதபேதம் பாராத பை லாம்ப்டா ஃபை தோன்றியதற்கும் இந்த ஒதுக்கலே காரணம். அந்த விதிகள் ஒழிந்த பிறகுதான் உங்களுக்கும் எனக்கும் அழைப்பு வருகிறது. ஆகவே, சின்னத்தில் சிலுவை இருப்பதை மட்டும் வைத்து அங்குள்ள அனைவரும் பக்திமான்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் படித்த காலத்தில் எனக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தது. திங்கட்கிழமை இரவு உணவுக்குக் கூப்பிடுவார்கள். எல்லாரும் கோட்டும் டையும் அணிந்து, அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். சாப்ளினாக, அதாவது ஜெபம் நடத்தும் பொறுப்பாளனாக, தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவன் பொருளாதாரம் படிக்கும் பையன். நான்கு வரி ஜெபம் சொல்வான். 'ஆமென்' என்றதும் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். நான் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பேன். ஒருவரும் என்னைத் தவறாகப் பார்த்ததில்லை. மற்றவர் வேண்டும்போது மரியாதையாக நிற்பதில் நாத்திகனுக்கு எந்த இழுக்கும் கிடையாது.

உறுதிமொழி அப்படியல்ல. சடங்கின் வாசகம் ரகசியம் என்றார்கள். "முழுவதும் வேண்டாம். கடவுள் பெயரால் ஏதாவது சத்தியம் செய்ய வேண்டுமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று அந்த சாப்ளினிடமே கேட்டேன். அவன் சற்று யோசித்துவிட்டு, ஆமாம் என்றான். மனசாட்சிப்படி உறுதி கூறலாமா என்று கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துவிட்டு, வாசகத்தை மாற்ற முடியாது என்று மறுவாரம் நேர்மையாகச் சொன்னான். நான் சேரவில்லை. அவன் இன்றும் என் நண்பன்.

என் அறைத்தோழனும் நம்பிக்கையற்றவன்தான், அவன் சேர்ந்துவிட்டான். அவன் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது: "கை ஒமேகா என்ற சொராரிட்டிக்கு, அதாவது பெண்கள் சங்கத்துக்கு, கிரேக்கத் தெய்வம் டிமீட்டர்தான் அடையாளம். அங்கே சேரும் கிறிஸ்தவப் பெண்களிடம் டிமீட்டரை நம்புகிறாயா என்று யார் கேட்கிறார்கள்? எல்லாம் ஒரு நாடகம்தானே?" ஆனால் டிமீட்டரை வணங்குபவர் அந்த அறையில் யாரும் இல்லை, அங்கே ஏமாறவும் ஆள் இல்லை. சிலுவைக்கு முன்னால் நான் சத்தியம் செய்யும்போது, பக்கத்தில் நிற்பவர்களில் சிலருக்காவது அந்தப் பெயர் உயிரானது. நான் மனதாரச் சொல்கிறேன் என்று நம்பி அவர்கள் என்னைச் சகோதரனாக ஏற்கிறார்கள். என்னைத் தடுத்தது அவர்கள் மேல் உள்ள மரியாதைதான். சட்டமன்றத்தில் 'உளமார' என்று உறுதி ஏற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்; அமெரிக்க அரசியல் சட்டமும் குடியரசுத் தலைவருக்கே சத்தியம் செய்யவோ உறுதி கூறவோ இடம் தருகிறது. ஒரு மாணவர் அமைப்பிடம் அதே வாய்ப்பைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

எனவே தம்பி, பணம் கட்டுவதற்கு முன்பே தலைவரிடமோ சாப்ளினிடமோ தனியாகப் பேசுங்கள். நம்பிக்கை இல்லை என்பதை மறைக்க வேண்டாம். மாற்று வாசகம் உண்டென்றால் தயங்காமல் சேருங்கள். உடன்பிறவாச் சகோதரர்கள் கிடைப்பது அயல்நாட்டில் பெரிய பேறு. இல்லையென்றால் அதே வளாகத்தில் மதச் சார்பற்ற ஃபிரட்டர்னிட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டதற்காகவே முகம் சுளிக்கிறார்கள் என்றால், நான்கு வருடம் அவர்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.