பெரிய கம்பெனியை விட்டு வேறு இடத்தில் லேண்ட்லைனும் பிராட்பேண்டும் வாங்குவது எப்படி?

கேள்வி: வீட்டுக்கு லேண்ட்லைன், பிராட்பேண்ட் இரண்டும் வேண்டும். ஊரே வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனி வேண்டாம். மற்றவர்களில் யாரை, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

கம்பெனிப் பெயர்களை வரிசையாக எழுதி ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்குள் வரப்போகும் ஒயர் யாருடையது? நானும் உங்களைப் போலவே பெரிய கம்பெனியை விட்டுச் சின்னக் கம்பெனிக்குப் போனவன்தான். போனால் எது மாறும், எது மாறாது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் மட்டும் இது வராது.

மாற்றுக் கம்பெனிகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், பெரிய கம்பெனி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் ஒயரை வாடகைக்கு எடுத்துத் தன் பெயரில் விற்பது. இன்னொன்று, தானே சொந்தமாக ஃபைபர் இழுத்துக்கொண்டு வருவது. முதல் ரகம் பெரும்பாலும் சட்டத்தின் புண்ணியத்தில் பிறந்தது. எந்தக் கம்பெனியும் தன் ஒயரைப் போட்டிக்காரனுக்கு மனமுவந்து கொடுக்காது அல்லவா. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய டெலிபோன் கம்பெனிகளை அப்படிக் கொடுக்க வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் அதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2006இல் அங்கத்துப் பெரிய டெலிபோன் கம்பெனியான பிடியின் ஒயர் வேலையை மட்டும் பிரித்து ஓபன்ரீச் என்று தனிப் பிரிவாக்கினார்கள். இன்றைக்கு அங்கே பல கம்பெனிகள் வேறு வேறு பெயரில் விற்கும் இணைப்புகளுக்கு அடியில் ஓடுவது இந்த ஓபன்ரீச் ஒயர்தான். நியூசிலாந்து இன்னும் துணிந்து, 2011இல் டெலிகாம் என்ற தன் பெரிய டெலிபோன் கம்பெனியையே இரண்டாக உடைத்து, ஒயரைக் கோரஸ் என்ற தனிக் கம்பெனியிடம் விட்டது. இப்படி எதுவும் நடக்காத நாடுகளில் இரண்டாவது ரகத்தைத்தான் நம்ப வேண்டும்.

முதல் ரகத்துக்கு மாறுவது, ஒரே குழாயில் வரும் தண்ணீருக்கு வேறு ஆள் பில் போடுவது மாதிரி. பில் குறையலாம். கஸ்டமர் கேரில் பேசும் ஆள் பொறுமையாகப் பேசலாம். ஆனால் காப்பர் ஒயர் என்றால், அதன் நீளம் உங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இனியும் இருக்கும். காப்பர் ஒயரில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தில் அதிகபட்ச வேகம் 24 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 24 மெகாபிட். அதுவும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில்தான். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. எந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டினாலும் இது மாறாது. மழை பெய்தால் லைனில் கரகர சத்தம் வரும் வீடாக இருந்தால், பில்லில் பெயர் மாறிய பிறகும் அந்தச் சத்தம் வரத்தான் செய்யும்.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. லைன் கெட்டுப்போனால் சின்னக் கம்பெனி தன் ஆளை அனுப்ப முடியாது. ஒயர்க்காரனுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி ஆனது. விற்றவர்கள் “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்றார்கள், ஒயர்க்காரர்கள் “நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை” என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான், அதுதான் எரிச்சல். ஆகவே முதல் ரகக் கம்பெனியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி விலை இல்லை. லைன் கெட்டால் யார் வருவார்கள், எத்தனை நாளுக்குள் வருவார்கள், அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதுதான்.

இரண்டாவது ரகத்தில், அதாவது சொந்த ஃபைபரில், தூரத்துப் பிரச்சினை அநேகமாக இல்லை. பங்கு போடும் பிரச்சினை உண்டு. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், ஒரே இழையில் வீட்டுப் பக்கம் வருவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்), வீட்டிலிருந்து போவது 1.25 ஜிபிபிஎஸ். அந்த இழையை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 32 பேரும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இழுத்தால் தலைக்கு 78 எம்பிபிஎஸ்தான் வரும். எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் காரியம் நடந்துவிடுகிறது. தங்களிடமிருந்து வெளி இணையத்துக்குப் போகும் இணைப்பைக் கஞ்சத்தனமாக வாங்கி வைத்திருக்கும் கம்பெனிகளிடம்தான் ராத்திரி எட்டு மணிக்கு வண்டவாளம் வெளியே வரும். அதனால் உங்கள் பக்கத்து வீடுகளில் யாராவது அந்தக் கம்பெனியை வைத்திருந்தால், ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள், லேன் கேபிளில் கம்ப்யூட்டரைச் செருகி ஸ்பீடு பார்க்கச் சொல்லுங்கள். வைஃபையில் பார்த்தால் சுவரையும் சேர்த்து அளந்ததாகிவிடும். இந்த ஒரு சோதனை, இணையத்தில் கிடைக்கும் நூறு விமர்சனங்களுக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். (100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.)

இனி லேண்ட்லைன். பலரும் இதை பிராட்பேண்டோடு வரும் இலவச இணைப்பாக நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு இதுதான் இரண்டிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது.

பழைய காப்பர் லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒயர் வழியாகவே வந்தது, சுமார் 48 வோல்ட். அதனால்தான் தெருவே இருட்டாக இருந்தாலும் போன் அடித்தது. ஃபைபரில் மின்சாரம் வராது. நீங்கள் பேசுவது இணையம் வழியாகப் போகும் கால். வீட்டில் கரண்ட் போனால் ஃபைபர் வந்து முடியும், சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டி அணையும், ரவுட்டர் அணையும், போனும் அணையும். பிரிட்டனில் இதற்கென்றே, செல்போனை நம்பியிருக்க முடியாதவர்களுக்குக் கரண்ட் போன பிறகும் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி தர வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் நாட்டில் விதி இருக்கிறதோ இல்லையோ, ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய லைனில் திருட்டு அலாரமோ ஃபேக்ஸோ மாட்டியிருந்தால் அவை புது லைனில் வேலை செய்யுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பல நேரம் செய்யாது.

அப்புறம் எண். பழைய எண்ணைப் புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோகும் வசதி எல்லா நாட்டிலும் லேண்ட்லைனுக்கு இல்லை. சில இடங்களில் செல்போனுக்கு மட்டும்தான். வசதி இருக்கிறது என்றால், எண் புதுக் கம்பெனிக்கு வந்து சேரும்வரை பழைய லைனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணைப் பல இடங்களில் கொண்டுபோக முடியாது. அது கம்பெனியின் கையிருப்புக்குப் போய்விடும், அங்கிருந்து மீட்பது பெரும்பாடு.

நான் செய்திருப்பது இது. எண்ணை இணையம் வழியாகப் பேச வைக்கும் தனிக் கம்பெனி ஒன்றிடம் வைத்துவிட்டு, பிராட்பேண்டை வேறு ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போயிற்று. ஆனால் பிராட்பேண்ட் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போன் எண்ணைத் தொடாமலே கிளம்பிவிடலாம். அப்பா தன் பழைய நண்பர்களுக்கெல்லாம் கொடுத்து வைத்திருக்கும் எண் அது. உங்கள் வீட்டில் லேண்ட்லைனுக்கு யாரும் அழைப்பதே இல்லை என்றால் இந்தத் தலைவலி தேவையில்லை, பிராட்பேண்டை மட்டும் வாங்குங்கள்.

இதே காரணத்துக்காகத்தான் கம்பெனி கொடுக்கும் இமெயில் முகவரியையும் நான் பயன்படுத்துவதில்லை. வங்கிக் கணக்கையெல்லாம் அதில் பதிந்துவிட்டால், பிறகு மாற நினைக்கும்போது அதுவே காலைக் கட்டும்.

சின்னக் கம்பெனிகளிடம் தவறாமல் கேட்க வேண்டியது இன்னொன்று: எனக்கென்று தனிப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் என் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் எண், உண்டா? பழைய ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன பிறகு, பல கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். படம் பார்க்க, பாட்டுக் கேட்க இதனால் ஒன்றும் ஆகாது. வீட்டு கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க வேண்டும், வீட்டில் ஒரு சர்வர் வைக்க வேண்டும், சில ஆன்லைன் விளையாட்டுகள் ஆட வேண்டும் என்றால் தகராறு செய்யும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் முகவரி, 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் நீங்கள் அந்தப் பகிர்வில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தனி முகவரிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். புது வகை முகவரியான ஐபிவி6 கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒப்பந்தத்தில் நான் தேடிப் படிப்பது மூன்று வரிதான். சலுகை முடிந்த பின் மாதக் கட்டணம் எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், ரவுட்டர் யாருக்குச் சொந்தம். மற்றதெல்லாம் எல்லாருடைய ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, யாரைத்தான் எடுப்பது? உங்கள் தெருவுக்குச் சொந்த ஃபைபரோடு வரும் கம்பெனி இருந்து, பக்கத்து வீட்டு ராத்திரிச் சோதனையில் அது தேறிவிட்டால், யோசிக்காமல் அதை எடுங்கள். இருப்பது பெரிய கம்பெனியின் ஃபைபரையே வாடகைக்கு எடுத்தவர்கள் மட்டும் என்றால், ஆள் வரும் வேகத்தையும் பில்லையும் பார்த்து முடிவு செய்யலாம், அதுவும் மோசமில்லை. இருப்பதே பெரிய கம்பெனியின் பழைய காப்பர் மட்டும்தான் என்றால், இணையத்துக்காகக் கம்பெனி மாறுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போது செல்போன் டவர் வழியாக வரும் 4ஜி அல்லது 5ஜி வீட்டு இணைப்பைச் சில நாள் வைத்துப் பார்ப்பது மேல். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு வாங்குங்கள். டவரில் கூட்டம் எப்படி என்பது உங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாறும்போது, முடிந்தால் இரண்டு இணைப்பும் ஓரிரு வாரம் சேர்ந்து ஓடட்டும். ஒரே ஒயரில் மாறுகிறீர்கள் என்றால் இது பெரும்பாலும் நடக்காது, தனி ஃபைபர் என்றால் தாராளமாக நடக்கும். கடைசியில் பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டு, டெபாசிட் கைக்கு வரும்வரை அதைப் பத்திரமாக வையுங்கள்.