பினாங்கு மைனாக்கள் வெப்பத்தால் சிறுக்கின்றனவா? எடை போட்டால் தெரியுமா?

எடையை மட்டும் நம்பாதீர்கள். விடியலில் பட்டினியாக இருந்த மைனா, ஜார்ஜ் டவுன் ஒட்டுக்கடை மிச்சத்தைத் தின்றபின் வேறு எடை காட்டும். கீழ்க்கால் எலும்பை அளந்து பாருங்கள். வளர்ந்த பறவையில் அது மாறாது.

சிகாகோவில் 1978 முதல் 2016 வரை கட்டடங்களில் மோதி இறந்த 70,716 பறவைகளில் அந்த எலும்பு சராசரியாக 2.4 சதவீதம் குறைந்தது, இறக்கையோ 1.3 சதவீதம் நீண்டது. 40 மில்லிமீட்டர் எலும்பில் 2.4 சதவீதம் என்றால் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. சாதாரண அடிக்கோல் உதவாது, மில்லிமீட்டரின் சிறு பகுதியையும் காட்டும் வெர்னியர் காலிப்பர் வேண்டும்.

சிறிய உடலில் எடைக்குத் தோல்பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும் என்பது ஒரு விளக்கம். அதுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இறக்கையை அளக்கும்போது தட்டையாக அழுத்தினால் நீளம் கூடிவிடும். எல்லாப் பறவையையும் ஒரே ஆள், ஒரே முறையில் அளக்கட்டும். இறகு உதிர்ப்பவற்றை விட்டுவிடுங்கள். வலை விரிக்குமுன் மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி கட்டாயம்.