நாள்பட்ட களைப்பு நோயும் மருந்துகளும்: கேள்வி பதில்

ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் இந்த நோய்க்குக் காரணமா?

காரணம் என்று நிறுவப்படவில்லை. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும்போதே செல்லை அரிக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். உடலே தயாரிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அவற்றை அடக்கும். அடக்க முடியாமல் அவை மிஞ்சுவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இந்த நோயாளிகள் பலரிடம் அந்தத் தராசு சாய்ந்திருப்பதை ஆய்வுகள் கண்டன. அது நோயின் விளைவாகவும் இருக்கலாம். இதை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கொட்டாதீர்கள். அந்த முடிவை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது.

கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் சாப்பிடுகிறேன், தசைவலி கூடிவிட்டது. கோஎன்சைம் க்யூ10 சேர்க்கலாமா?

கொலஸ்டிரால் உருவாகும் பாதையிலேயேதான் செல் ஆற்றல் தயாரிக்க உதவும் க்யூ10-ஐயும் உடல் தயாரிக்கிறது. ஸ்டாட்டின் அந்தப் பாதையைத் தொடக்கத்திலேயே அடைப்பதால் ரத்தத்தில் க்யூ10 குறையும். வலிக்கு அதுதான் காரணம் என்பது உறுதியாகவில்லை. ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ், தைராய்டு ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். க்யூ10 எடுப்பதானால் 100 மி.கி., கொழுப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். க்யூ10-இன் அமைப்பு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்தது; வார்ஃபரினின் வேகத்தைக் குறைத்துவிடலாம்.

அமிட்ரிப்டிலின் 25 மி.கி. தூக்கம் தருகிறது, ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது.

நிற்கும்போது நாடித்துடிப்பு ஏறுவது இந்த நோயில் ஏற்கெனவே சகஜம். இந்த மருந்து அதை இன்னும் மோசமாக்கும். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியும் ரத்த அழுத்தமும் குறியுங்கள். பிறகு பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழுந்து நின்று, 1, 3, 5, 10-ஆவது நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். மயக்கம் வந்தால் உடனே படுத்துவிடுங்கள். நாடி 30 ஏறினாலோ, மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி, 10 மி.கி. போதுமா என்று கேளுங்கள்.

ஐந்து சத்து மாத்திரை ஒன்றாகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் படுக்கையில் விழுந்தேன். எது ஒத்துக்கொள்ளவில்லை?

இப்படித் தொடங்கினால் யாராலும் சொல்ல முடியாது. உழைப்புக்குப் பிந்தைய சரிவு, அதாவது சிறு வேலைக்குப் பிறகும் இந்த நோயில் உடல்நிலை மோசமாவது, ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும். திங்களன்று மாத்திரை தொடங்கி, அன்றே தலைக்குக் குளித்துத் துணியும் துவைத்திருந்தால், புதன்கிழமைச் சரிவுக்குப் பழி மாத்திரை மேல் விழும். ஒவ்வொன்றாக, குறைந்த அளவில், இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். மருந்தையும் அன்றைய வேலையையும் ஒரே தாளில் எழுதுங்கள். லேபிள்களில் உள்ள வைட்டமின் பி6 அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். நீண்ட நாள் மிகையானால் அதுவே கால் மரத்துப்போக வைக்கும்.

பாராசிட்டமால் குளுட்டாதயோனைக் குறைக்குமாமே?

ஆம், பாராசிட்டமாலின் நச்சுக் கழிவை முறிக்கக் கல்லீரல் குளுட்டாதயோனைச் செலவழிக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் பாராசிட்டமால்தான் உச்சவரம்பு. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையில் இருப்பதையும் கணக்கில் சேருங்கள்.